ஐப்பசி மழையும் சூரிய வீடும்

மின்விநியோக நிறுவனத்தின் கம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கூரையில் விழும் வெயிலைக் கொண்டே விளக்கையும் காற்றாடியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஆண்டு முழுவதும் இயக்கிக்கொள்ளும் வீட்டைத் தனித்தியங்கும் சூரிய வீடு என்று அழைக்கலாம். மின்கம்பம் எட்டாத காட்டோரக் கிராமங்களிலும் தீவுகளிலும் இத்தகைய ஏற்பாடு தேவையின் காரணமாகவே தோன்றுகிறது. மலேசியாவில், வட பேராக்கின் கெமார் போன்ற ஓராங் அஸ்லி பழங்குடிக் குடியிருப்புகளிலும், சரவாக்கின் உட்பகுதி நீள்வீடுகளிலும் சூரியத் தகடு மண்ணெண்ணெயோடும் டீசலோடும் போட்டியிடுவதால் அங்கே அதன் பயன் ஐயத்துக்கு இடமில்லாதது. வாசலிலேயே மின்கம்பம் நிற்கும் ஒரு தாமானில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட புறநகர்க் குடியிருப்பில், அதே ஏற்பாட்டைச் செய்ய விரும்பும் குடும்பம் கடினமான ஒரு கேள்விக்கு முதலில் விடை காண வேண்டியிருக்கிறது: ஆண்டின் மிக மோசமான சில வாரங்களில் எவ்வளவு மின்சாரத்தோடு வாழ அந்த வீடு ஆயத்தமாக இருக்கிறது? தகடுகளின் எண்ணிக்கை, பேட்டரியின் கொள்ளளவு, செலவு ஆகிய யாவும் இந்த விடையிலிருந்தே பிறக்கின்றன.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் பேராக்கின் தென்மேற்கு மூலையில், பெர்ணாம் ஆற்றங்கரையில் அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் பொருத்தமான இடம். 2017இல் தனி மாவட்டமாக்கப்பட்ட பாகான் டத்தோவைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் செம்பனையும் தென்னையும் பரந்து கிடக்கின்றன. தாழ்வான வண்டல் நிலம், அருகே கடல், ஆண்டு முழுவதும் புழுக்கம், பிற்பகல் இடிமழை என்பவை இங்குள்ள வாழ்வின் மாறாத கூறுகள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுள் பல, ஒரு தலைமுறைக்கு முன்வரை தோட்ட லயங்களில் வாழ்ந்து, பின்னர் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தவை. அக்குடும்பங்களின் மூத்தவர்களுக்கு அளவோடு கிடைக்கும் மின்சாரம் என்பது புதிய கருத்தே இல்லை என்பது இந்த விஷயத்தில் முக்கியமானது.

பேராக்கில் மின்சாரம் முதலில் வெள்ளீயத்தைத் தேடிச் சென்றது. 1926இல் நிறுவப்பட்ட பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம், 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையின் மின்சாரத்தைக் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்குக் கொண்டுசென்றது. தென்பகுதிக் கடலோரத் தோட்டங்கள் அந்தக் கம்பிகளுக்கு வெகுதொலைவில் இருந்தன. ஆகவே தோட்டங்கள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டன. ஹுத்தான் மெலிந்தாங்கை ஒட்டிய ஜெண்டராட்டா தோட்டத்தை மையமாகக் கொண்டு, 1906இல் டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய நிறுவனமே இன்றைய யுனைடெட் பிளான்டேஷன்ஸ். எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் ஆலையையும் மின்னாக்கியையும் ஓட்டுவது செம்பனை ஆலைகளின் நெடுநாள் வழக்கம். பொதுக் கம்பியைச் சாராத மின்சாரம் இவ்வட்டாரத்துக்குச் சூரியத் தகடு வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே பழகிப்போன ஒன்று என்பதற்கு அதுவே சான்று. லயங்களின் நிலை வேறு. பல தோட்டங்களில் டீசல் இயந்திரம் அந்தி வேளையில் ஓடத் தொடங்கி இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். அதற்குள் சமைத்து, படித்து, வானொலி கேட்டு முடிக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் வழங்குவதை முதலாளியின் கடமையாக்கிய சட்டம், தொழிலாளர் வீடமைப்பு மற்றும் வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம் என்ற பெயரில் 1990இல்தான் வந்தது. வறுமையாலும் புறக்கணிப்பாலும் அன்று திணிக்கப்பட்ட அந்தக் கட்டுப்பாட்டை இன்று யாரும் புகழ வேண்டியதில்லை. ஆயினும் எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்று மின்சாரத்தை முன்வைத்துத் திட்டமிடும் அந்தப் பழக்கம், சூரிய வீட்டை நடத்துவோருக்குத் தேவைப்படும் முதல் திறமை.

சூரிய வீட்டின் வடிவமைப்பு கூரையில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது மின்கட்டண ரசீதில் தொடங்குகிறது. வாட் என்பது ஒரு கருவி அந்நொடியில் இழுக்கும் மின்திறனின் அளவு. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றலே ஒரு கிலோவாட் மணி, பேச்சு வழக்கில் ஒரு யூனிட். நால்வர் வாழும் ஒரு மாடியுள்ள வரிசை வீட்டில் எட்டு எல்.இ.டி. விளக்குகள் மாலை முதல் இரவு வரை எரிவதற்கு அரை யூனிட்டுக்கும் குறைவே போதும். நடுத்தரக் குளிர்பதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தொலைக்காட்சி, இணையக் கருவி, கைப்பேசிகள் மூன்றுக்கும் சேர்த்து முக்கால் யூனிட். சலவை இயந்திரம், அரிசி குக்கர், மாவரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வரும். மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது காற்றாடிதான். பழைய வகைக் கூரைக் காற்றாடி எழுபது வாட்டுக்கு மேல் இழுக்கும். நிலைக்காந்த மோட்டார் பொருத்திய புதிய வகை அதே காற்றை முப்பது வாட்டில் தந்துவிடும். நான்கு காற்றாடிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் சுழலும் வீட்டில் இம்மாற்றம் 2.8 யூனிட்டை 1.2 ஆகக் குறைக்கிறது. இவ்வாறு கூட்டினால் வீட்டின் தேவை 4.3 யூனிட் அளவில் நிற்கும்.

இதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. சூரியத் தகடும் பேட்டரியும் தருவது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம். வீட்டுக் கருவிகளோ விநாடிக்கு ஐம்பது சுழற்சிகளாகத் திசைமாறிப் பாயும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர் என்னும் கருவி, வீட்டில் எதுவும் ஓடாத நேரத்திலும் தான் விழித்திருப்பதற்கென முப்பது, நாற்பது வாட்டைத் தின்றுகொண்டேயிருக்கும். நாள் முழுவதும் சேர்ந்தால் அது முக்கால் யூனிட்டைத் தொட்டுவிடும், தேவைக்கு மீறிப் பெரிய இன்வெர்ட்டரானால் இன்னும் கூடும். எனவே மொத்தத் தேவையை ஐந்து யூனிட் என்று கொள்வதே நேர்மையான கணக்கு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில், இன்வெர்ட்டரையே நீக்கிவிட்டு 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் விளக்கையும் காற்றாடியையும் நேரடியாக ஓட்டும் முறையை உருவாக்கி, 125 வாட் தகடும் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியும் கொண்டு ராஜஸ்தானின் பாலைநிலச் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒளி தந்தது இந்த இழப்பை ஒழிக்கும் நோக்கத்தில்தான். மலேசியத் தாமான் வீட்டில் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் இருப்பதால் அம்முறையை முழுமையாகப் பின்பற்ற இயலாது. ஆனால் ஒவ்வொரு வாட்டையும் தகடு வாங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் மிச்சப்படுத்தலாம் என்ற அதன் அணுகுமுறை எங்கும் பொருந்தும்.

இந்தப் பட்டியலில் குளிர்சாதனம் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் படுக்கையறையில் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய நான்கு யூனிட் செலவாகும். அதுவும் வெயிலே இல்லாத நேரத்தில் முழுவதும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். ஒரே அறையின் குளிர்ச்சி முழு வீட்டின் தேவையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடுகிறது. ஆகையால் சூரிய வீட்டுக்குச் செலவிடும் முதல் ரிங்கிட், கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்புப் போர்வை விரிப்பதற்கும், உட்கூரையில் தேங்கும் சூட்டை வெளியேற்றும் துளைகளுக்கும், மேற்குச் சுவரின் மீது நிழல் விழச் செய்வதற்கும் போக வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் செட்டெம் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, ஏற்கனவே கட்டப்பட்ட ஒரு வரிசை வீட்டிலேயே இத்தகைய மாற்றங்களைச் செய்துகாட்டியிருக்கிறது. சூடான நீர் வேண்டுமெனில் மின்சூடேற்றியைத் தவிர்த்து, நீரை நேரடியாக வெயிலில் சூடாக்கும் கலனை வைப்பது மேல். சமையலுக்கு மலேசிய வீடுகளில் வழக்கமான 14 கிலோ எரிவாயுக் கலனே தொடரும். அது இருப்பதால்தான் ஐந்து யூனிட் கணக்கு சாத்தியமாகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

இனிக் கூரைக்கு வரலாம். ஹுத்தான் மெலிந்தாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. சூன் மாதத்தில் வடக்கேயும் திசம்பரில் தெற்கேயும் சாய்கிறது. சூரியன் எப்போதும் ஒரே பக்கமாகத் தாழ்ந்து நிற்கும் ஐரோப்பிய நாடுகளில் தெற்கு நோக்கிய கூரை என்பது விதி. இங்கே அது விதியாகாது. கிழக்கு மேற்காகச் சரியும் கூரையும் இங்குக் குறைவின்றிப் பயன்படும். பத்துப் பாகைச் சாய்வு மட்டும் தேவை; அது வெயிலுக்காக இல்லாமல், மழைநீர் தூசியைக் கழுவிச் செல்வதற்காக. தகடுகளின் திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுகிறது; பேராக் கூரையின் மேல் நண்பகலில் தகடு அறுபது பாகையைத் தாண்டுவது இயல்பாதலாலும், ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு திறன் குறைவதாலும், பெட்டியில் அச்சிட்ட எண்ணில் எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே கரைந்துவிடுகிறது. தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோடுவதற்கு ஒரு சாண் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். பழைய மலிவுவிலை வீடுகளில் காணப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளையிடவே கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், அக்கூரையை முறையாக அகற்றிய பின்னரே தகடுகளைப் பற்றி எண்ண வேண்டும்.

பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன மாவட்டம். அந்தத் தென்னையே இங்குச் சூரிய வீட்டின் பெரிய இடையூறு. ஒரு தகட்டுக்குள் இருக்கும் சிறு கலங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டவை. தகடுகளும் அவ்வாறே கோக்கப்படுகின்றன. ஒரே வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் கடைமடை வரை நீர் குறைவது போல, ஒரு கலத்தின் மீது விழும் மட்டையின் நிழல் அதனோடு கோக்கப்பட்ட எல்லாக் கலங்களின் மின்னோட்டத்தையும் இழுத்துத் தாழ்த்துகிறது. அடைபட்ட பகுதியைச் சுற்றிக் கடந்து செல்ல ஒவ்வொரு தகட்டிலும் வழக்கமாக மூன்று மாற்றுவழி டையோடுகள் வைக்கப்பட்டிருந்தாலும், ஒரு டையோடு வேலை செய்யத் தொடங்கும்போது தகட்டின் மூன்றிலொரு பங்கு இழக்கப்படுகிறது. ஆகவே தகடுகளை நிறுவுவதற்கு முன் காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு ஆகிய வேளைகளில் கூரையின் நிழலைக் குறித்துவைப்பதும், சூன், திசம்பர் ஆகிய இரு மாதங்களிலும் அது இடம்மாறும் என்பதை நினைவில் கொள்வதும் அவசியம். மரத்தை வெட்டுவது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் மேற்கு வெயிலைத் தடுக்கும் மரத்தை வெட்டினால் வீடு சூடேறிக் காற்றாடிச் செலவு கூடும். தகட்டை மரம் இல்லாத பக்கத்துக்கு நகர்த்துவதே பெரும்பாலும் நல்லது.

எத்தனை தகடு என்பதற்கான கணக்கு இவ்வட்டாரத்தின் வெயிலைப் பொறுத்தது. மேற்குக் கரையில் சராசரி நாளொன்றில் கிடைக்கும் வெயிலை முழு வலிமையில் நாலரை மணி நேரம் என்று மதிப்பிடலாம். சூடு, தூசி, கம்பி, பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்பைக் கழித்தால் ஒரு கிலோவாட் தகட்டிலிருந்து ஏறக்குறைய 3.1 யூனிட் கைக்கு வரும். இதன்படி 550 வாட் தகடுகள் மூன்று வைத்தால் 5.1 யூனிட் கிடைக்கும். தேவை ஐந்து என்பதால் கணக்குச் சரியாகிவிட்டது என்று தோன்றும். தனித்தியங்கும் வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். சராசரி என்பது ஐப்பசிக்குத் தெரியாது. பருவக்காற்றுகள் இடம்மாறும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏப்ரல், மே மாதங்களும் மேற்குக் கரையில் மழை மிகுந்தவை. அடுத்தடுத்த நாட்களில் வெயில் சராசரியின் மூன்றிலொரு பங்காகச் சுருங்குவது அப்போது வழக்கமாகிவிடும்.

மூன்று தகடுகளையும், ஒன்பது யூனிட்டைப் பயன்படுத்தத் தரும் ஒரு பேட்டரியையும் கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். மழைநாளில் 1.7 யூனிட் வந்து ஐந்து யூனிட் செலவானால், நாளுக்கு 3.3 யூனிட் பற்றாக்குறை. மூன்றாம் நாள் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னர் வருகிறது. மழை விட்டு நல்ல வெயில் திரும்பியபோதும், அன்றாடச் செலவு போக எஞ்சுவது 0.1 யூனிட் மட்டுமே என்பதால், காலியான பேட்டரி மீண்டும் நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். தகடுகளை ஆறாக்கினால் நிலைமை அடியோடு மாறுகிறது: மழைநாளில் 3.4 யூனிட் வருவதால் பற்றாக்குறை 1.6 ஆகக் குறைந்து பேட்டரி ஐந்து நாட்களைத் தாண்டி நீடிக்கிறது. வெயில் திரும்பியதும் நாளுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் மிஞ்சுவதால் இரண்டே நாட்களில் நிரம்பிவிடுகிறது. தகட்டின் விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் வீழ்ந்துள்ள நிலையில், பேட்டரியைப் பெருக்குவதைவிடத் தகட்டைப் பெருக்குவதே மலேசிய வானிலைக்கு உகந்தது. ஆறு தகடுகளுக்கு ஏறக்குறைய 170 சதுர அடி போதும். இருபது அடி அகலமுள்ள வரிசை வீட்டின் ஒரு பக்கக் கூரையிலேயே அவை அடங்கும்.

தீபாவளி பெரும்பாலும் ஐப்பசியில் வருகிறது என்பது வடிவமைப்பாளர் புறக்கணிக்கக் கூடாத உண்மை. விருந்தினரும் அலங்கார விளக்குகளும் இடைவிடாமல் திறந்து மூடப்படும் குளிர்பதனப் பெட்டியும் தேவையை உச்சத்துக்கு ஏற்றும் அதே வாரத்தில் வானம் மூடிக்கிடக்கிறது. ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சூரிய வீடு அமைப்போர் அந்த வாரத்தையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். சுமத்ராவின் காட்டுத்தீப் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து சூழ்ந்த 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளைப் போல மழையே இல்லாமலும் வெயில் மங்கும் வாரங்கள் நேரலாம் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

பேட்டரியின் வகையைத் தேர்வதில் இன்று குழப்பம் குறைவு. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆகவே ஒன்பது யூனிட் பயன்பெற 200 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரிகள் எட்டு வேண்டும், அவற்றுக்கு நீர் ஊற்றிக் காக்கும் பணியும் தொடரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 200 ஆம்பியர் மணி கொண்ட ஒரே பெட்டி அதே வேலையைச் செய்கிறது. சூடு இரண்டுக்குமே பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை உயர்வுக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையினர் அறிந்த விதி. கார் நிறுத்துமிடத்துத் துத்தநாகக் கூரையின் அடியில் பேட்டரியை வைப்பது ஆகவே பெருந்தவறு. வீட்டின் பின்புறம், நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரோரமே உரிய இடம். பாகான் டத்தோ தாழ்நிலம் என்பதால், கடலேற்றமும் கனமழையும் ஒருசேர வரும் நாளில் நீர் எந்த உயரம் வரை வந்தது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிந்து, அதற்கு மேலேயே பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் சுவரில் பொருத்த வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்வது கடமை. உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் தீபகற்ப மலேசியாவும் ஒன்றாகையால், மின்னல் தூண்டும் மிகையழுத்தத்தை நிலத்துக்குத் திருப்பும் காப்புக்கருவியும் முறையான நில இணைப்பும் இல்லாத அமைப்பு ஒரே மழையில் பாழாகலாம். மற்றொன்று, வெயில் இருக்கும்வரை தகட்டை அணைக்க இயலாது என்பது. அதன் நேர்மின்னோட்டத்தில் தளர்ந்த இணைப்பொன்று பொறிவிடத் தொடங்கினால், மாறுமின்னோட்டப் பொறியைப் போல அது எளிதில் அணையாமல் தீயாக மாறும். யூடியூப் பார்த்து இணைப்புகளைத் தாமே செய்ய முயலாமல், பதிவுபெற்ற மின்பணியாளரை அமர்த்துவதே அறிவு.

இனிப் பணம். 2025 சூன் வரை நடப்பிலிருந்த, மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட் ஒவ்வொன்றும் 21.8 சென். மாதம் 130 யூனிட் செலவிடும் சிக்கனமான வீட்டின் கட்டணம் அதன்படி முப்பது ரிங்கிட்டைக்கூடத் தொடாது. வறிய குடும்பங்களுக்கு அரசு அளித்துவந்த நாற்பது ரிங்கிட் கழிவுக்குள் அது முழுவதும் அடங்கிவிடும். அதே வீடு 25,000 ரிங்கிட் செலவில் தனித்தியங்கும் அமைப்பொன்றை நிறுவி, பதினைந்து ஆண்டுகள் பெரும் பழுதின்றி நடத்தியது என்று வைத்துக்கொண்டால், பயன்படுத்திய ஒவ்வொரு யூனிட்டும் ஒரு ரிங்கிட்டைத் தாண்டிவிடும். நல்ல வெயில் நாட்களில் உற்பத்தியாகும் பத்து யூனிட்டில் பாதி, பேட்டரி நிரம்பிய பின் எடுப்பாரின்றி வீணாவது இதன் காரணங்களுள் ஒன்று. கம்பியோடு இணைந்த கூரைகளுக்கு அந்த இழப்பில்லை: 2011 திசம்பரில் தொடங்கிய உற்பத்திக் கட்டணத் திட்டமும், 2016 முதல் 2025 சூன் வரை பல வடிவங்களில் நடந்த நிகர அளவீட்டுத் திட்டமும் உபரி மின்சாரத்துக்கு மதிப்பளித்தன. ஆனால் கம்பியோடு மட்டும் இணைந்த பேட்டரியற்ற அமைப்பு மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியர்மீது வீட்டுக் கூரையின் மின்சாரம் பாயாதிருக்க அப்படித்தான் அது வடிவமைக்கப்படுகிறது. கூரையில் தகடு இருந்தும் இருளில் அமர நேர்ந்ததே என்று வருந்துவோர் அறியாதிருப்பது இதைத்தான்.

பணக்கணக்கு இவ்வளவு தெளிவாக எதிராக இருக்கும்போது கம்பி வேண்டாமென்று ஒருவர் ஏன் முடிவெடுக்கிறார் என்பதற்குத் தமிழ்நாட்டின் அனுபவம் ஓரளவு விடை தருகிறது. தமிழகமெங்கும் பல மணி நேர மின்வெட்டு நிலவிய 2012இல், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தம் மாடியில் ஒரு கிலோவாட் தகடும் பேட்டரியும் நிறுவிய டி. சுரேஷ், ‘சோலார் சுரேஷ்’ என்று ஊடகங்களில் அறியப்படும் அளவுக்கு அம்முயற்சியை மழைநீர், சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு, மாடித்தோட்டம் என்று விரித்துச் சென்றார். ஆரோவில்லில் மாத்ரிமந்திர் என்னும் தியான மண்டபத்துக்கென்றே 36.3 கிலோவாட் தனித்தியங்கும் நிலையம் அமைந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளைச் சேர்த்துத் தந்தது. தடையில்லா மின்சாரமும் தம் கையால் தேடிய நிறைவும் இவர்களை இயக்கின. செலவுக் குறைப்பு அதற்கு அடுத்த நிலையிலேயே இருந்தது. இதற்கு மாறான பாடம் இலங்கையில் கிடைக்கிறது. உலக வங்கியின் உதவியோடு 2002 முதல் 2011 வரை நடந்த திட்டத்தின் வழியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றூர் வீடுகள் சிறு சூரிய அமைப்புகளைக் கடனில் வாங்கின. பின்னர் மின்கம்பம் வாசலுக்கு வந்தபோது அவற்றுள் பல கைவிடப்பட்டன. விளக்குக்கு மட்டும் போதுமான அமைப்பு, குளிர்பதனப் பெட்டி வாங்க விரும்பும் குடும்பத்தை நெடுங்காலம் கட்டிவைக்க இயலாது என்பதில் அக்குடும்பங்களின் பிழை ஏதுமில்லை.

நடத்துவது அமைப்பதைவிட நீண்ட பணி. காலை பத்து மணிக்குப் பேட்டரி பாதிக்கு மேல் ஏறியிருந்தால் சலவை இயந்திரத்தையும் கிரைண்டரையும் இஸ்திரியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிடலாம்; மூன்று மணிக்கு மேல் மழை திரண்டுவிடும் என்பதால் இங்கே முற்பகலே வேலைக்கு உரிய பொழுது. தென்மேற்குப் பருவத்தில் நீரிணையிலிருந்து விடியலுக்கு முன் வீசும் ‘சுமத்ரா’ புயல்மழை மட்டும் இவ்வழக்கத்தைப் புரட்டிப்போடும். முந்தைய நாளே பேட்டரியில் மிச்சம் வைத்திருப்பவர் வீட்டில் அன்று கலக்கமிருக்காது. மாதம் ஒருமுறை தகட்டின் கீழ்விளிம்பில் படியும் பாசியைத் துடைப்பதும், இன்வெர்ட்டருக்குள் பல்லியும் எறும்பும் புகாதபடி துளைகளுக்கு வலையிடுவதும், ஆண்டுக்கொருமுறை இணைப்புத் திருகுகளை இறுக்கச் செய்வதும் சிறு வேலைகள், தவறினால் பெருஞ்செலவு. ஒவ்வொரு மாலையும் பேட்டரியின் அளவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எல்லாவற்றிலும் பயனுள்ளது.

ஆகவே ஹுத்தான் மெலிந்தாங்கில் இம்முயற்சியில் இறங்கும் குடும்பம், தெனாகாவின் கம்பியை உடனே துண்டிக்காமல், விளக்கு, காற்றாடி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் தனியொரு இணைப்புப் பலகை அமைத்து, அதை மட்டும் முதலில் சூரியனிடம் ஒப்படைப்பது தக்க வழி. சலவையும் இஸ்திரியும் இரண்டாம் கட்டத்தில் சேரலாம். ஒரு முழு ஆண்டு, அதிலும் ஓர் ஐப்பசி முழுவதும், குறிப்பேட்டில் பேட்டரி முப்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமலும் கம்பியின் உதவி தேவைப்படாமலும் கடந்திருந்தால் மின்கணக்கை மூடுவது பற்றி வீட்டார் கூடிப் பேசலாம். இறங்கியிருந்தால் மேலும் இரண்டு தகடுகளுக்குக் கூரையில் எங்கே இடமிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.